கண்ணாடியில் எழுதிய விலை

ஒக்டோபர் 21, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மூன்று மணிக்குக் கொட்டத் தொடங்கியது. நேற்றுத் தீபாவளி, பக்கத்து வீட்டு முறுக்கு இன்னும் தீரவில்லை. பல்லுக்கு ஆகாது. இருந்தும் விடவில்லை.

சீகிரியா விடுதிக்கு நாற்பது படுக்கை விரிப்பு, எண்பது தலையணை உறை. டிசம்பர் சீசனுக்கு முன் போய்ச் சேர வேண்டும். தைப்பது என் பாடு, முடித்துவிடுவேன். கொண்டு போவதுதான் சிக்கல். பலாபத்வலயிலிருந்து சீகிரியாவுக்கு த்ரீவீல்காரன் கேட்கிற கூலியில் என் தையல் கூலி பாதி கரைகிறது.

பழைய வேன் போய்விட்டது. நாலந்தா ஏற்றத்தில் புகை கக்கி நின்றது, அதோடு சரி. என் வீட்டுக்காரர் மறைந்த பிறகு வாங்கியது. இத்தனை வருஷம் ஓட்டியும் ஒரு நாள்கூட அது என் வேனாக இருக்கவில்லை. தம்பி அந்தனி பேசி வாங்கிய வேன். டவுனில் வீடு, காணி, வாகனம் எதுவானாலும் தரகு பேசுகிறவன் அவன். வாங்கித் தந்தது 'ஓப்பன் பேப்பர்' வாகனம். முதலில் விற்றவர் நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவார், அதற்குப் பிறகு பேர் மாற்றாமலே கைமாறிக் கைமாறிப் போகும். வாகனப் புத்தகத்தில் யாரோ குருநாகல் ஆளின் பேர். பொலிஸ் மறித்தபோதெல்லாம், "இது யாரு வேன் அம்மா?" கடைசியில் பழைய இரும்புக்கு விற்றபோதும் தம்பிதான் பேசினான். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த முறை வேன் என் பேரில். நானே பார்த்து, நானே கேட்டு, நானே வாங்குவது. மிளகுக் காணி விற்ற சல்லி வங்கியில் இருக்கிறது. யாரும் கூட வரத் தேவையில்லை.

ஒக்டோபர் 22, புதன்

மாத்தளை டவுன். பழைய வாகனம் விற்கிற சேல் மூன்றில் ஏறி இறங்கினேன். செருப்பெல்லாம் சேறு. மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

முதல் சேல். "இது லேடி டொக்டர் ஒருத்தங்க பாவிச்ச வேன்மா. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடினது." பின் சீட்டுக்கு அடியில் கோழி இறகு. வார்டில் கோழி வளர்த்தாரோ என்று கேட்டேன். ஆளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

இரண்டாவது சேல். விலை கேட்டால் விலை வராது. "உங்க பட்ஜட் என்னம்மா?" "என் பட்ஜட்டை விடுங்க, வேன் விலையச் சொல்லுங்க." "நீங்க ஒண்ணு சொல்லுங்க, பாத்துக்குவோம்." தேத்தண்ணி வேறு கொண்டு வந்து வைத்தார்கள். குடிக்கவில்லை, குடித்தால் அதையும் விலையில் போடுவார்கள். எழுந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "வீட்ல ஆம்பிளை யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா, பேசி முடிச்சிரலாம்."

ஆம்பிளை கல்லறையில் இருக்கிறார், போய்க் கூட்டி வா என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மூன்றாவது சேல். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். கிழவிக்கு முப்பத்தெட்டு லட்சம் சொல்லு, முப்பத்தேழில் நின்றுவிடுவாள் என்று ஒருவன் மற்றவனிடம் சிங்களத்தில். பேச்சு மட்டுமில்லை, பஸ் போர்டுகளைப் பார்த்தே சிங்களம் எழுத்துக்கூட்டவும் கற்றவள் நான். "கிழவி நிற்கமாட்டாள், போய்விடுவாள்" என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மழைக்கு வாசலில் ஒதுங்கி நின்றபோது ஹெல்மட் போட்ட ஒரு பையன் வந்தான். அதே வேன். அவனுக்குச் சொன்ன விலை முப்பத்தாறு.

வேன் ஒன்றுதான். யார் கேட்கிறார்கள் என்று பார்த்து விலை.

ஒக்டோபர் 24, வெள்ளி

வெயில். விரிப்பு பன்னிரண்டு முடிந்தது. நூல் தீர்ந்தது, வெள்ளை.

கண்டி ரோட்டில் புதிதாகத் திறந்த சேலுக்குப் போனேன். வாசலில் பெரிய போர்ட், மூன்று மொழியிலும்: 'ஒரே விலை. எல்லோருக்கும்.' ஒவ்வொரு வாகனத்தின் முன் கண்ணாடியிலும் வெள்ளைப் பெயின்டால் விலை எழுதியிருக்கிறது. வருஷம், எத்தனையாவது சொந்தக்காரர், எங்கே அடிபட்டது, எதை மாற்றினார்கள், எல்லாம் ஒரு தாளில் ஒட்டி. எஞ்சினுக்கும் கியருக்கும் மூன்று மாதம் உத்தரவாதம். பேர் மாற்றுவது அவர்கள் வேலை, ஓப்பன் பேப்பரே கிடையாது.

விற்கிற பிள்ளை பேர் சிஹானா. உக்குவளைப் பக்கம். முக்காடு போட்டு, கையில் கணக்குப் போடுகிற மெஷினும் இல்லை. தேவையில்லையே.

சாம்பல் நிறச் சின்ன வேன். முப்பத்தெட்டு லட்சம். வெளியே இதே வேன் முப்பத்தாறுக்குக் கிடைக்கும் என்று எனக்கே தெரியும்.

சோதித்துப் பார்க்கலாம் என்று கேட்டேன். "கடைசி விலை எவ்வளவு பிள்ள?"

"கண்ணாடியில இருக்கிறதுதான் அன்ட்டி. முதல் விலையும் அதுதான், கடைசி விலையும் அதுதான்."

"ஒரு ஐயாயிரம்?"

"எங்க முதலாளியப் பெத்த உம்மா வந்து நின்டாலும் இதே விலைதான் அன்ட்டி."

சிரித்துக்கொண்டே சொன்னது. ஆனால் அசையவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. ஆம்பிளை வருவாரா என்று கேட்கவில்லை. சாவியைக் கையில் தந்து, ஓட்டிப் பாருங்க என்றது. வாரியப்பொல வரை போய் வந்தேன். கியர் பாணில் பட்டர் பூசுகிற மாதிரி விழுகிறது.

ஒக்டோபர் 25, சனி

குணே பாஸைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பழைய வேனுக்கு வைத்தியம் பார்த்தவர். அடியில் படுத்து, டோர்ச் அடித்து, எண்ணெய்யைத் தொட்டு முகர்ந்து, எல்லாம் செய்தார். சிஹானா தடுக்கவில்லை, படுப்பதற்கு ஒரு மட்டை கொண்டுவந்து போட்டது.

பாஸ் சொன்னது: எஞ்சின் நல்லது. ஸ்பெயார் டயர் தேய்ந்தது, அவ்வளவுதான் குறை. "வெளியே தேடினா ரெண்டு லட்சம் குறைவா எடுக்கலாம் அக்கே. எடுத்தா எனக்குச் சந்தோஷம். மாசம் ஒரு தரம் என்கிட்ட வருவீங்க."

பின்னேரம் தம்பி வந்தான். செய்தி அவனுக்கு முன்னமே போயிருக்கிறது, டவுனில் யாரோ கண்டிருக்கிறார்கள். சோறு போட்டேன். கருவாட்டுக் குழம்பு.

"எழுதின விலைக்கே வாங்கப் போறியாக்கா?"

"ஆமா."

"அப்ப கடவுள் வாய எதுக்குக் குடுத்தாரு?"

"திங்கிறதுக்கு. சாப்பிடு."

"பேசாம வாங்கினா வேனே உன்ன மதிக்காது. ரெண்டு லட்சம்க்கா. ரெண்டு தையல் மெஷின்."

"அந்த ரெண்டு லட்சத்துக்கு நான் யார்கிட்டயும் போய்ப் பல்லக் காட்டத் தேவையில்லல்ல. அதுக்குத்தான் குடுக்கிறேன்."

"நாளைக்கு ஊர்ல என்ன சொல்லுவாங்க? புரோக்கர் அந்தனியோட அக்கா முழு விலை குடுத்தாளாம்பாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல தலை காட்ட ஏலுமா?"

"தொப்பி போட்டுக்க."

கோபித்துக்கொண்டு போனான். குழம்பை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

பூசை. பிறகு சந்தை. போஞ்சிக்காரனிடம் பேரம் பேசினேன், பத்து ரூபாய் குறைத்தான். அது வேறு. போஞ்சிக்காரன் என்னிடம் புருஷனைக் கூட்டி வா என்று சொல்வதில்லை.

இரண்டு லட்சம் கூட. மாதக்கணக்காய்த் தைத்தால்தான் வரும். சும்மா போகிற காசு இல்லை. யோசிக்கத்தான் வேண்டும், யோசித்தேன். உத்தரவாதத்துக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம், அந்த நாலந்தா ஏற்றத்தில் ஒரு தரம் நின்றவளுக்கு அது தெரியும். பேர் மாற்றுவதற்கு அலைச்சல், இரண்டு மூன்று நாள் தையல் நின்றுவிடும், அதற்குக் கொஞ்சம். மிச்சம்? மிச்சத்துக்கு என்ன வாங்குகிறேன்? ஹெல்மட் பையனுக்கும் எனக்கும் ஒரே விலை. அதை வாங்குகிறேன். விலை கூடத்தான். ஆனால் எனக்கென்று கூட்டிய விலை இல்லை.

என் விரிப்புக்கும் ஒரே விலைதான். பெரிய ஹோட்டலுக்கும் அதுதான், இரண்டு அறை வைத்திருக்கிறவருக்கும் அதுதான். முதல் வருஷம் நாலு பேர் திமிர் பிடித்த மனுஷி என்றார்கள். அதே நாலு பேர் இன்றைக்கும் என்னிடம்தான் வாங்குகிறார்கள்.

புதன்கிழமை போய் முடிப்பது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மூக்குக் கண்ணாடி.

ஒக்டோபர் 29, புதன்

எழுத்து கோணலாக விழுகிறது. கோபத்தில்தான், வேறொன்றும் இல்லை.

காலையில் நல்ல சேலை உடுத்திப் போனேன். சிஹானா என்னைக் கண்டதும் எழுந்தது, ஆனால் முகம் சரியில்லை. முதலாளி தானே அறையிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், நல்ல மரியாதை.

"வாங்கம்மா. உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. ஒன்றரை லட்சம் குறைச்சிருக்கேன். முப்பத்தாறரை தந்தா போதும்."

"ஏன்?"

"நேத்து உங்கட தம்பி வந்து கதைச்சாரு."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. வாசல் போர்டைக் காட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"அது சும்மா வாறவங்களுக்கும்மா. அந்தனி நம்ம ஆளு."

"அப்ப நான் யாரு ஆளு?"

சிஹானாவைப் பார்த்தேன். "நான் ஐயாயிரம் கேட்டப்ப என்ன சொன்ன பிள்ள? முதலாளியோட உம்மா வந்தாலும் இதே விலைதான்னு சொன்னியே. உம்மாவுக்கு இல்லாத விலை என் தம்பிக்கு எங்க இருந்து வந்துச்சு?"

பிள்ளை தலை குனிந்துகொண்டது. அதைக் கேட்டிருக்க வேண்டாம். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, முகத்திலேயே இருந்தது.

முதலாளி சிரித்துப் பார்த்தார். "உங்களுக்கு லாபம்தானேம்மா. இதுக்குப் போய் யாராவது கோவிப்பாங்களா?"

"குறைக்கிறதுன்னா கண்ணாடியில குறைங்க. எழுதினத அழிச்சிட்டு, எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதுங்க. காதுக்குள்ள சொல்ற விலை எனக்கு வேணாம்."

"அப்பிடி எழுதினா மத்தவங்களும் கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

நான் மெல்லப் பேசுகிறவள் இல்லை. சிவப்புக் கார் பார்த்துக்கொண்டிருந்த புருஷனும் பெண்சாதியும் வேலையை விட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண் கேட்டாள், "முதலாளி, எங்களுக்கும் அந்தத் தம்பி விலை போடுவீங்களா?" அவள் புருஷன், "எனக்குத் தம்பி இல்ல, மச்சான் இருக்கான், அனுப்பட்டுமா?" லொறி பார்க்க வந்த ஒரு பெரியவர்கூடச் சிரித்துவிட்டு, தனக்கு எந்த விலை என்று கேட்டார்.

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. எழுத முடியாது என்றார். அப்படியானால் முப்பத்தெட்டும் வேண்டாம், முப்பத்தாறரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேன் அங்கேயே நிற்கிறது. விரிப்பு இங்கேயே கிடக்கிறது.

ஒக்டோபர் 31, வெள்ளி

பஸ்ஸில் சீகிரியா. இரண்டு மூட்டை. தம்புள்ளையில் இறங்கி மாறும்போது மழை பிடித்தது. ஒரு மூட்டையைச் சாக்கால் மூடினேன், மற்றது நனைந்தது. கொண்டக்டர் மூட்டைக்கும் டிக்கட் கேட்டான். சீட்டில் உட்கார்ந்தால் தருகிறேன் என்றேன். விட்டுவிட்டான்.

விடுதிக்கார நோனா நனைந்ததை எடுத்துக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள், வேன் என்ன ஆயிற்று? சொன்னேன். சிரி சிரி என்று சிரித்தாள். "அக்கே, இந்தச் சீகிரியாக் கல்லுல ஏற டிக்கட்டே வெள்ளைக்காரனுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. ஒரே விலை உலகத்துல எங்க இருக்கு?"

"என் விரிப்புல இருக்கு" என்றேன்.

தேத்தண்ணி தந்தாள், குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடுப்பு விட்டுப்போகிறது. இதையும் எழுதத்தான் வேண்டும்: நாவுலவைத் தாண்டும்போது, பேசாமல் முப்பத்தாறரைக்கு எடுத்திருக்கலாமோ என்று ஒரு தரம் தோன்றியது. ஒரு தரம்தான். கொன்காவெல வருமுன் போய்விட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மழை இல்லை, காற்று. மெழுகுதிரி நிற்கவில்லை. அவருக்கு ஒரு கட்டு, அப்பாவுக்கு ஒரு கட்டு.

அப்பா கல்லறையில் தம்பி எனக்கு முன்பே வந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தான். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசையாக வந்தார். நானும் குனிந்து பிடுங்கினேன். அவர் போன பிறகு, நான் மெல்லிய குரலில்:

"முதலாளி உனக்கு எவ்வளவு தரகு வெட்டினாரு?"

"அப்பா மேல சத்தியமா ஒரு சதம் இல்லக்கா. உனக்காகத்தான் போனேன். அந்தாளு கதவே திறக்கல, ரெண்டு மணித்தியாலம் வெளியில நின்னேன்."

நம்புகிறேன். அதுதான் கோபம். தரகுக்காகப் பேசியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

"யாரு உன்னப் போகச் சொன்னா?"

"சொல்லணுமாக்கா? நீ தனியாப் போய் ஏமாந்துட்டு வந்தா நான் என்ன மனுஷன்?"

"நான் ஏமாறல தம்பி. கூடக் குடுக்கிறேன்னு தெரிஞ்சு குடுக்கப் போனேன். நீ பின்கதவால போய் என்னக் குழந்தையாக்கிட்டு வந்துட்ட."

"ஒன்றரை லட்சம்" என்றான் அவன், அப்பாவிடம் முறையிடுகிற மாதிரி கல்லைப் பார்த்து.

மெழுகுதிரி திரும்ப அணைந்தது. அவன் கையால் மறைத்துப் பிடித்தான், நான் கொளுத்தினேன். சேர்ந்து ஒரு அருள்நிறை மரியே சொன்னோம். அவரவர் பஸ்ஸில் ஏறினோம்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை, ஊசி உடைந்தது. மாற்றிக்கொண்டிருந்தபோது போன். சிஹானா.

"அன்ட்டி, கண்ணாடிய அழிச்சிட்டாங்க. புது விலை எழுதியிருக்கு. வந்து பாருங்க."

"எவ்வளவு?"

"போன்ல சொல்ல மாட்டேன். எழுதியிருக்கு, வந்து வாசிங்க."

போனேன். முப்பத்தேழே கால். பெயின்ட் இன்னும் ஈரம். முதலாளி முகம் கொடுக்கவில்லை, அறைக்குள் இருந்தார். நடந்ததைச் சிஹானா சொன்னது. அன்றைக்குச் சிவப்புக் கார் பார்த்தவர்கள் போய் வீட்டில் சொல்ல, அவர்கள் சொந்தக்காரர்கள் சொல்ல, வருகிறவர் எல்லாம் சிரித்துக்கொண்டே தம்பி விலை கேட்கிறார்களாம். ஒருவர் தன் தம்பியையே கூட்டி வந்து நிறுத்தினாராம். சிஹானாவும் சொல்லிவிட்டதாம்: இனிமேல் என் வாயால் ஒரே விலை என்று சொல்ல வராது, ஒன்று போர்டைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் எழுதிய விலையை விலையாக வையுங்கள் என்று. முப்பத்தாறரையை எழுத முதலாளிக்கு மனம் வரவில்லை. முப்பத்தெட்டையே விட்டால் யாரும் நம்பப் போவதில்லை. பாதியில் வந்து நின்றிருக்கிறார்.

"அன்ட்டி, உங்கட தம்பி பேசினத விட முக்கால் லட்சம் கூட. அது ஓகேயா?"

கண்ணாடியைத் திரும்ப ஒரு தரம் வாசித்தேன். ரோட்டில் போகிறவன்கூட வாசிக்கலாம். ஹெல்மட் பையனும் வாசிக்கலாம்.

"இது யாரு வந்தாலும்?"

"இன்ஷா அல்லாஹ், உம்மா வந்தாலும்."

வாங்கிவிட்டேன். தம்பி வாங்கித் தந்திருக்கக்கூடியதைவிட முக்கால் லட்சம் கூடக் கொடுத்து. படிவத்தில் என் பேரை நானே எழுதினேன், பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே போனது. நாளைக்குப் பௌர்ணமிப் போயா லீவு, பேர் மாற்றுகிற கந்தோர் திறக்காது. வெள்ளிக்கிழமைக்குள் பேர் மாறும் என்றார்கள். விலையை அழிக்கத் துணி எடுத்து வந்தார்கள். வேண்டாம், மழை கழுவட்டும் என்றேன்.

நவம்பர் 8, சனி

விடியவே வெளிச்சம். மிச்ச விரிப்பு எல்லாம் வேனில், நனையாமல், மடித்து. சாமியாரிடம் காட்டித் தீர்த்தம் தெளித்தாயிற்று. கண்ணாடியின் மூலையில் முப்பத்தேழே கால் இன்னும் அரைகுறையாய் இருக்கிறது.

புறப்படும்போது தம்பி வந்து நின்றான். நான் கூப்பிடவில்லை. வேனை ஒரு சுற்றுச் சுற்றினான். டயரை உதைத்தான், கதவைத் திறந்து மூடினான். ஸ்பெயார் டயரைக் கண்டுபிடித்துவிட்டான், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியாக்கா, தேஞ்சது. நான் பேசியிருந்தா புது டயர் போட்டுத் தந்திருப்பான்."

"எனக்கு அது வாங்குமுன்னயே தெரியும்."

"கடைசியா எவ்வளவுக்குத் தந்தான்?"

"கண்ணாடியில இருக்கு. வாசி."

வாசித்தான். திரும்ப வாசித்தான். "அது எழுதினது. உண்மையா எவ்வளவு?"

"அதான்."

நம்பவில்லை. நம்பமாட்டான். புத்தகத்தைக் காட்டினேன். என் பேரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, தம்புள்ளையில் ஒரு காணி விஷயம் இருக்கிறது, அந்தப் பக்கம்தானே போகிறாய் என்றான்.

ஏறச் சொன்னேன். முன் கதவைத் திறந்தான். முன் சீட்டில் தலையணை உறைகள், வெள்ளை, இஸ்திரி போட்டது. நகர்த்தட்டுமா என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். பின்னால் ஏறினான்.